ஒரே நீல மூடி

"16.4.2008, புதன். சிதம்பரம் கடைகளுக்கான பில்லில் நேற்றைய தேதியைப் போட்டுவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை. நானே அடித்துத் திருத்தினேன். இனி காலண்டரைப் பார்த்துவிட்டு எழுத வேண்டும்."

அன்றன்று செய்த தவறைக் குறித்துவைக்கும் டைரியில் இவ்வளவு எழுதிவிட்டுச் செம்பியன் பேனாவை மூடினான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று அவனுக்கே தெரிந்தது.

கடலூர் முதுநகரில் சவரி சோடாவைத் தெரியாதவர் கிடையாது. ராபர்ட் தன் அம்மா சவரியம்மாள் பெயரில் நடத்திய கம்பெனி. தை மாதம் அவர் அதைச் சிதம்பரத்து ராஜகணேஷுக்கு விற்றுவிட்டு மகளோடு திருச்சிக்குப் போய்விட்டார். புது முதலாளி 'தில்லைத் துளி' என்று பெயரை மாற்றினார். ஆனால் புது பாட்டில் வாங்க மனம் வரவில்லை. கண்ணாடியிலேயே சவரி என்று வார்த்திருந்த பழைய பாட்டில்களின் மேல் காகித லேபிளை ஒட்டச் சொன்னார். பில் போடுகிற செம்பியன் மாலையில் கம்ப்யூட்டரில் அச்சு வடிவமைக்கும் டி.டி.பி. வகுப்புக்குப் போகிறவன் என்பதால், லேபிள் வேலை அவன் தலையில் விழுந்தது.

ஒரு கம்பெனிக்கு ஒரே நிறம் இருந்தால்தான் எடுப்பாக இருக்கும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அதைச் செம்பியன் அப்படியே முதலாளியிடம் ஒப்பித்தான். மூடியைக்கூட எல்லா ரகத்துக்கும் நீலமாகப் போட்டுவிடலாம் என்றான். முதலாளிக்குப் பிடித்துப் போயிற்று.

சாதா சோடா, பன்னீர் சோடா, எலுமிச்சை மூன்றும் பார்வைக்கு வெறும் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். ராபர்ட் காலத்தில் சாதாவுக்கு வெள்ளை மூடி, பன்னீருக்குச் சிவப்பு, எலுமிச்சைக்குப் பச்சை. ஐஸ் பெட்டிக்குள் கையை விடும் கடைக்காரர்கள் மூடியைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். சின்ன வயதிலிருந்து சோடா குடித்து வளர்ந்த செம்பியனுக்கு இது தெரியாததல்ல. லேபிளில் ரகம் போட்டிருக்கிறதே என்று இருந்துவிட்டான். மைதாப் பசையில் ஒட்டிய லேபிள் ஐஸ் தண்ணீரில் கொஞ்ச நேரம்கூடத் தாங்கவில்லை.

முதல் வம்பு ஒயின்ஷாப்பை ஒட்டிய கொளஞ்சியம்மாள் கடையில் வந்தது. பிராந்தியில் சோடாவை ஊற்றிய ஒருவன் டம்ளரை முகர்ந்து பார்த்தான். "ஏம்மா, நான் குடிக்க வந்தனா, கல்யாணத்துக்கு வந்தனா? பன்னீர் தெளிச்சி வரவேக்கற?" என்றான். பக்கத்தில் இருந்தவன் சந்தனக் கிண்ணத்தைத் தேடினான். சிரிப்பாகத்தான் தொடங்கியது. அந்த வாரமே நாலைந்து கடைகள் சரக்கு வேண்டாம் என்றுவிட்டன.

வசூலுக்குப் போன செம்பியன் கொளஞ்சியம்மாளின் ஐஸ் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். அவன் வரைந்த லேபிள்கள் அடியில் கூழாகக் கிடந்தன. ஒன்றும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

கடைகளின் புகாரைக் கேட்டுப் புதன்கிழமை முதலாளி சிதம்பரத்திலிருந்து வந்தார். ரகம் பிரித்துப் பெட்டியில் அடுக்குவது தங்கராசுவின் வேலை. ராபர்ட் காலத்திலிருந்து இருக்கிறவர். செம்பியனை இந்த வேலையில் சேர்த்துவிட்டதும் அவர்தான். எல்லார் முன்னாலும் முதலாளி அவரிடம், "ரகம் பிரிச்சி அடுக்கத் தெரியாதவனுக்கு இங்க என்ன வேலை? நாளையிலேர்ந்து வராத" என்றார். பில் புத்தகத்தோடு நின்ற செம்பியன் வாயில் கொழுக்கட்டையை அடைத்த மாதிரி நின்றான். போகிற போக்கில் முதலாளி அவன் தோளைத் தட்டி, லேபிள் ஜோராக வந்திருக்கிறது என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை மாலை அவன் வகுப்புக்குப் போகவில்லை. தங்கராசுவின் வீடு இருந்த குடிகாட்டுக்குச் சைக்கிளை மிதித்தான்.

தங்கராசு கோபமாக இருப்பார் என்று நினைத்துப் போனான். அவரோ தன்னையே குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ரெண்டு பொட்டி மாறியிருக்கும் மாப்ள. கண்ணு மங்கிப்போச்சு போல. அந்தாளு சொல்றதும் நாயந்தான்." கண் ஆஸ்பத்திரியில் காட்ட மகள் ரேகாவைத் துணைக்கு வரச் சொல்லியிருந்தார்.

செம்பியனுக்குத் தரையைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியவில்லை. மூடி தன் யோசனை என்பதையும், ஐஸ் பெட்டிக்குள் பார்த்ததையும் ஒன்று விடாமல் சொன்னான். "நேத்து அவுரு உங்கள திட்டறப்பவே எனக்குத் தெரியும் மாமா. பயந்துகினு சும்மா இருந்துட்டேன்."

தங்கராசு எதிர்ச் சுவரில் தொங்கிய காலண்டரின் எழுத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே படித்துப் பார்த்தார். பிறகு, "அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் முகத்தில் வந்த நிம்மதியைச் செம்பியனால் பார்க்க முடியவில்லை.

அடுப்படியிலிருந்து அவர் மனைவி ரத்தினம்மாள் வந்தாள். "நேத்துலேர்ந்து இவுருக்குச் சோறு எறங்கல. நீ சாப்ட்டியா தம்பி, நேத்து?"

"சாப்ட்டேன் அத்தை."

"நல்லாருப்பா" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

தங்கராசு வாசல் வரைக்கும் வந்தார். "எங்கிட்ட சொன்ன, எனக்குத் தூக்கம் வரும். மொதலாளிகிட்ட சொன்னாத்தான் மாப்ள வேலை வரும்."

தன் வேலை போய்விடுமே என்ற எண்ணம் வழியெல்லாம் செம்பியன் கூடவே வந்தது. அப்படி நினைக்கவும் கூசியது. வீட்டுக்கு வந்து எழுதினான்:

"17.4.2008, வியாழன். தங்கராசு மாமாவிடம் சொன்னேன். ஒரு நாள் தாமதம். நாளை: முதல் பஸ்ஸில் சிதம்பரம் போக வேண்டும். மேலவீதியில் முதலாளியை வீட்டிலேயே பார்த்து, நீல மூடி என் யோசனை, மாமா எதையும் கலக்கவில்லை என்று சொல்ல வேண்டும்."