சத்தமில்லாமல் கை தட்டுகிறவள்

சனிக்கிழமை காலையானால் குவைத்தில், மங்காஃபில் என் வீட்டு ஹாலில் வாண்டுகள் கூடிவிடும். எல்லாம் மூன்று, நான்கு வயது. இசை வகுப்பு என்று பேர், நடப்பது ஆட்டம்தான். நான் கஞ்சிராவை ஓங்கி அடித்தால் யானை. தரை அதிர மிதிக்க வேண்டும். விரலால் தட்டினால் பூனை. நுனிக்காலில் போக வேண்டும். நிறுத்தினால் சிலை. வீடு தரைத்தளம், கீழே குடித்தனம் கிடையாது, அதனால் பிழைத்தேன். என் கணவருக்குச் சவூதியில், தம்மாமில் வேலை, லீவு கிடைத்தால் வருவார். வராவிட்டாலும் இப்போதெல்லாம் எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. குழந்தைகள் சிரித்தால் நானும் சிரிப்பேன். அது டியூட்டி.

மின்ஹா வந்த முதல் நாளே கவனித்தேன். யானைக்கும் பூனை நடைதான் நடந்தாள். கை தட்டச் சொன்னால் இரண்டு உள்ளங்கைகளும் கிட்டே வந்து, தொடுவதற்கு முன் நின்றுவிடும். தாளம் ஒரு இடத்திலும் தப்பவில்லை, சத்தம்தான் வரவில்லை. காதில் கோளாறோ என்று அவள் உம்மா ஃபிர்தௌஸிடம் கேட்டேன். டாக்டரிடம் காட்டியாகிவிட்டது, காதெல்லாம் நன்றாகக் கேட்கிறது என்றாள். பிறகு தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள்.

இரண்டு அறை ஃபிளாட்டில் ஷேரிங். ஒரு அறையில் இவர்கள் மூன்று பேர். இன்னொன்றில் சரசு என்ற நர்ஸ். ஃபிளாட்டே சரசு பேரில்தான். அவளுக்கு எப்போதும் நைட் டியூட்டி, பகலெல்லாம் தூக்கம். மின்ஹா தவழ ஆரம்பித்த நாளிலிருந்து "ஷ்ஷ், ஆன்ட்டி தூங்குறாங்க" என்பதைக் கேட்டே வளர்ந்திருக்கிறாள். பிள்ளை இருக்கிற இடமே தெரியவில்லை என்று சரசு மெச்சுவாளாம், பெற்றவர்களுக்கும் அதில் பெருமையாம். சத்தம் வந்தால் அறை போய்விடும். தனி ஃபிளாட் எடுக்க, மொபைல் கடையில் நிற்கும் ஃபிர்தௌஸின் கணவர் இர்ஷாதுக்குக் கட்டுப்படியாகாது. அறை போனால் தாயும் மகளும் கீழக்கரைக்கு, இர்ஷாத் பேச்சிலர் ரூமுக்கு. இதற்கு நடுவே கேஜி இன்டர்வியூ வேறு வருகிறது. பாடச் சொல்வார்கள், தட்டச் சொல்வார்கள். இவள் இப்படி நின்றால் எந்தப் பள்ளிக்கூடம் சேர்த்துக்கொள்ளும்?

"இங்கயும் ஸ்கூல்லயும் மட்டும் சத்தம் போடட்டும் அக்கா. வீட்டுக்கு அது வராம பாத்துக்கங்க."

திறந்து மூட இதென்ன குழாயா என்று கேட்க நினைத்தேன். ஒரு பிள்ளையை இப்படிப் பொத்திப் பொத்தியா வளர்ப்பார்கள் என்று எரிச்சல்தான் வந்தது. சரசு மேல் கோபப்படவும் வழியில்லை. பகலில் தூங்காத நர்ஸ் ராத்திரி யாருக்கு எந்த ஊசியைப் போடுவாளோ.

மின்ஹாவின் பாதங்களை என் பாதங்கள் மேல் ஏற்றி நிறுத்தினேன். அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு நான் மிதித்தேன். சத்தம் என்னுடையது, பழியும் எனக்கு. அவளுக்குச் சவாரி மட்டும். அடுத்த வாரம் ஒரு காலை மட்டும் இறக்கிவிட்டேன். அதற்கடுத்த வாரம், ஆட்டத்தின் நடுவில், என் கால்களை மெதுவாக உருவிக்கொண்டேன். அவள் கால் தரையில் 'தொம்' என்று விழுந்தது. மின்ஹா நின்றாள். என் வீட்டுக் கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றும் திறக்கவில்லை. மறுபடி மிதித்தாள். பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. ஃபிர்தௌஸ் ஓரமாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்கும் ஏதாவது வரும் என்று பார்த்தேன், வரவில்லை. முதுகுதான் வலித்தது.

கேஜியில் இடம் கிடைத்தது. ஆனால் சத்தம் வீட்டுக்கும் போய்விட்டது. போகாமல் என்ன செய்யும்? நடையில் மிதித்தாள், குளியலறை வாளியைத் தட்டினாள். ஃபிர்தௌஸ் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்கு ஓடுவாளாம். சரசு ஒரு நாள் எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனாள். இன்னொரு நாள் நடையிலேயே உட்கார்ந்து, எனக்கு வேறு வழி தெரியவில்லை என்று அழுதாள். மாதக் கடைசிக்குள் வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டாள். சிறு பிள்ளை இருக்கிறது என்றதும் ஷேரிங்குக்கு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஹாலை விட்டால் என் வீட்டிலும் ஒரே அறைதான். ஃபிர்தௌஸ் போனில் இதையெல்லாம் சொன்னபோது என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. போனை வைத்துவிட்டு அரிசி களைந்தேன்.

அவர்கள் கிளம்பும் நாளில் போனேன். பெட்டிகள் நடையில் இருந்தன, சரசுவின் கதவு சாத்தியிருந்தது. மின்ஹா என்னைப் பார்த்ததும் நுனிக்காலில் வந்தாள், பழையபடி. யாரும் அவளை அதட்டவில்லையாம். ஏன் ஊருக்குப் போகிறோம் என்று அவளிடம் யாரும் சொல்லவும் இல்லையாம். அவளாகவே புரிந்துகொண்டுவிட்டாள்.

இர்ஷாத் காலையில் கடைக்குப் போனால் பிள்ளை தூங்கிய பிறகு வருகிறவர். மகள் மிதித்ததை ஃபிர்தௌஸ் எடுத்த வீடியோவில் பார்த்ததோடு சரி. பெட்டியைப் பூட்டிவிட்டு அவள் முன்னால் குனிந்தார்.

"மின்ஹாமா, வாப்பாவுக்கு ஒரு தடவ மிதிச்சுக் காட்டு. நான் கேட்டதே இல்லல்ல. இனிமே யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அவள் உதட்டில் விரல் வைத்து, மூடிய கதவைக் காட்டினாள்.

இர்ஷாத் நிமிர்ந்தார். செருப்பைக் கழற்றினார். தானே ஓங்கி ஒரு மிதி மிதித்தார். இன்னொன்று. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மின்ஹா பாய்ந்து போய் அந்தக் காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வாப்பா, ஷ்ஷ். நான் குட் கேர்ளா இருக்கேன். நாம போக வேணாம்."

கீழே வண்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். இர்ஷாத் காலை அசைக்காமல் அப்படியே நின்றார்.