காளியாத்தாள் கடைச் சாவி டப்பா

1
இந்தக் கதைக்குள் முதலில் ஒரு பொய் இருந்தது. பொய் சொன்னவன் யார் என்று நான்காம் பகுதியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் எழுந்து போய்விடுவீர்கள்.

முதல் வரி இப்படி எழுதினேன்: 'திருப்பூரில் சனிக்கிழமை அந்தி சாயும் வேளையில், செவ்வானம்'

வேண்டாம். சனிக்கிழமை வாரச் சம்பளம் கைக்கு வந்தபின் இங்கே எவன் வானத்தைப் பார்க்கிறான்? பனியன் கம்பெனி கேட் திறந்ததும் பாதிப் பேர் வீட்டுக்கு, பாதிப் பேர் அரசு மதுக்கடைக்கு. அந்தக் கடைக்குப் பக்கத்தில்தான் வெள்ளகோவிலிலிருந்து வந்த காளியாத்தாளின் முட்டைப் பரோட்டாத் தள்ளுவண்டி.

2
வருடம் 2008. ஒரே மாதத்தில் இரண்டு அடிதடி, ஒரு விபத்து. எஸ்.ஐ. வந்து நின்றார்.

"உன் வண்டி இருக்கறதுனாலதான் கூட்டம் கலையறதில்ல. எடுத்துரு."

"ஒரு மாசம் பாருங்க சார். என்ர கடையில சாப்புடறவன் ஒருத்தன்கூட போதையில பைக் எடுக்க மாட்டானுங்க."

"எடுத்தா?"

"நானே வந்து சொல்லிப்போட்டு வண்டியத் தள்ளீட்டுப் போயிர்றனுங்க."

யோசிக்காமல் சொல்லிவிட்டாள். இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வீட்டு வாடகை, எல்லாம் அந்தத் தோசைக்கல்லில்தான் வெந்துகொண்டிருந்தன.

3
அவள் திட்டத்தை எழுதும்போது எனக்குக் கை பரபரக்கிறது! பைக் சாவியைக் கொடுத்தால்தான் பரோட்டா. பனியன் வேஸ்ட் துணியில் ஒரு பட்டை கிழித்து இரண்டாக்குவாள். ஒரு பாதி சாவிக்கு, மறு பாதி ஆளின் மணிக்கட்டுக்கு. ஆளுக்கு ஒரு நிறம். குடிக்காதவருக்கு உடனே சாவி. குடித்தவனுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை, நிறம் பார்த்து.

முதலில் சாவி போட்டவர் பட்டன் வியாபாரி அக்பர் பாய். குடிக்காதவர். 'நான் போட்டா மத்தவங்களும் போடுவாங்க' என்றார். (இவ்வளவு நல்லவரா என்று எனக்கே சந்தேகம் வந்து விசாரித்தேன். குடித்தவன் பைக் இரண்டு தடவை அவர் கடை ஷட்டரில் மோதியிருக்கிறது. இப்போது நம்பலாம்.)

மதுரைப் பக்கத்து டெய்லர் முனீஸ்தான் முரண்டு பிடித்தான்.

"யக்கா, நான் டெய்லரு. தையலையே நேராப் போடுறவன், பைக்க நேரா ஓட்ட மாட்டனா?"

"தையல் கெடக்குது கண்ணு. கால நேரா வெச்சு நட பாக்கலாம்."

கூட்டம் சிரித்தது. சாவி டப்பாவில் விழுந்தது. முதல் சனிக்கிழமை பதினோரு சாவி, மூன்றாம் சனிக்கிழமை நாற்பது! டப்பா போதாமல் எண்ணெய் டின் வந்தது. ஒரு கைகலப்பு இல்லை. கையில் கலர் கட்டியவனெல்லாம் ஒருவனை ஒருவன் பார்த்து, "நீ பச்சையா? நான் ரோஸுடா மாப்ள!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டு நடந்தே போனார்கள்.

4
நான்காவது சனிக்கிழமை. கரண்ட் போனது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அக்பர் பாய் கறுப்புப் பட்டையை நீட்ட, காளியாத்தாள் அதே போல் இருந்த பட்டையைப் பார்த்துச் சாவியைக் கொடுத்தாள்.

"இது என் சாவி இல்லையேம்மா" என்று அவர் தூக்கிப் பார்க்க, பக்கத்தில் போதையில் நின்ற முனீஸ், "அட, என் சாவி!" என்று பிடுங்கினான். கிக்கரை உதைத்தான். பைக் பறந்துவிட்டது. முனீஸின் பட்டை நேவி, அடர்நீலம்.

அந்த வேஸ்ட் துணியைக் கட்டிக் கொடுத்தவன் செக்கிங் செக்‌ஷன் அங்கமுத்து. இந்தக் கதையை முதல் தடவை எழுதியபோது, 'யாரோ குப்பையிலிருந்து பொறுக்கிய துணி' என்று எழுதியிருந்தேன். அதுதான் பொய். அங்கமுத்து நான்தான். வாரம் முழுக்க நிறத்தின் ஷேடு சரியில்லை என்று பீஸைத் தூக்கிப் போடுகிறவன், கறுப்பையும் நேவியையும் ஒரே மூட்டையில் வைத்துக் கொடுத்தேன். மஞ்சள் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்தவன் அந்தத் தெருவில் நான் ஒருவன்தான்.

5
முடிவு அ: முனீஸ் பாலத்தடியில் விழுந்து

(எழுதவில்லை. கை வரவில்லை.)

முடிவு ஆ: பத்தே நிமிடத்தில் அவன் பைக்கைத் தள்ளிக்கொண்டே திரும்பி வருகிறான். பெட்ரோல் இல்லை. சம்பளத்தை முதலில் மதுக்கடைக்குக் காட்டியவன், பங்க்குக்குக் காட்டவில்லை.

"இதை யாருங்க நம்புவாங்க?" என்று காளியாத்தாளிடம் கேட்டேன்.

"நம்பாட்டிப் போறாங்க. அதுதான நடந்துது! வந்ததும் வராததுமா, 'யக்கா, ரெண்டு பரோட்டா'ங்கறான். கரண்டியிலயே ஒண்ணு வெச்சனுங்க."

"அப்ப யாருக்கும் ஒண்ணும் ஆகலை. எஸ்.ஐ.கிட்டச் சொல்ல வேண்டாமே?"

"எடுத்தானா இல்லீங்களா?"

"எடுத்தான்."

"அப்பறமென்னங்க."

"துணி நான் குடுத்ததுன்னாவது சொல்லுங்க."

"பாக்காமக் குடுத்தது என்ர கையிங்க."

6
திங்கட்கிழமை காலை பத்து மணி. ஸ்டேஷன். எஸ்.ஐ. நாற்காலியை இந்தக் கதையில் காலியாக விட்டிருக்கிறேன். நீங்கள் உட்காருங்கள்.

காளியாத்தாள் எதிரில் நிற்கிறாள். நாற்பது சாவியையும் சொல்லிவிட்டாள், அந்த ஒரு சாவியையும் சொல்லிவிட்டாள். என் பெயரைச் சொல்லவில்லை. அதனால் நானும் போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டேன். மேஜைமேல் இரண்டு பட்டைகளை வைத்திருக்கிறோம். ஜன்னல் திறந்திருக்கிறது. இந்த வெளிச்சத்தில் எது கறுப்பு, எது நேவி என்று உங்களுக்கே தெரியும்.

வெளியே தள்ளுவண்டி நிற்கிறது. எந்தப் பக்கம் தள்ளட்டும் என்று கேட்கிறாள். சொல்லுங்கள்.