போஸ்ட் பிடுங்கிய இடம்

சவப்பெட்டியின் மூடியை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து பிரிஸில்லா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, பெட்டியின் விளிம்பில் இரண்டு கைகளையும் வைத்தாள். மூடியை இறக்கினால் விரல்கள் நசுங்கும். தூக்கியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார்கள்.

“ஞாயித்துக்கெழம கோயில் முன்னாடி யாரு வண்டி நின்னுச்சி?” என்றாள். “அத சொல்லிட்டு மூடுங்க.”

அழுத குரல் இல்லை அது. ரேஷன் கடையில் வரிசையைத் தாண்டி முன்னால் வந்தவனைத் தட்டிக் கேட்கும் குரல். மகள் ஜோவிதாவுக்கு அந்தக் குரலைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். 

பெங்களூர் அல்சூரின் அந்தச் சின்ன வீட்டில் கூடம் கொள்ளாத கூட்டம். பாதிப் பேர் ஞாயிறு எட்டு மணிப் பூசைக்கு வந்தவர்கள். காரில் வந்தவர்கள் அத்தனை பேரும் அதைக் கோயில் வாசலை ஒட்டி ரோட்டோரமாகப் போட்டிருந்த பச்சைப் பட்டையில்தான் நிறுத்தியிருந்தார்கள். சைக்கிள்காரர்களுக்காக மாநகராட்சி பெயின்ட் அடித்த பாதை அது. இப்போது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். தரையில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. நேற்று ராத்திரிதான் ஜோவிதா துடைத்திருந்தாள்.

அந்தக் கார் வரிசையில் ஜோவிதாவின் கணவன் கில்பர்ட்டின் சிவப்புக் காரும் ஒன்று. பூசைக்கு நேரமாகிவிட்டது என்று அவனை அவசரப்படுத்தியதே ஜோவிதாதான். உள்ளே போய் உட்கார்ந்து முதல் பாட்டு முடிவதற்குள் வெளியே பிரேக் சத்தம் கேட்டது. பெங்களூரில் பிரேக் சத்தத்துக்கு யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? அவளும் திரும்பவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

அப்பா ரெமிஜியஸ் ஞாயிறு காலையில் சிவாஜிநகர் போய்க் கறி வாங்கி, சைக்கிளிலேயே நேராகப் பூசைக்கு வந்துவிடுவார். அன்றைக்கும் பச்சைப் பட்டையில்தான் வந்தார். கோயில் நெருங்கியதும் பட்டை முழுக்கக் கார்கள். அவற்றைச் சுற்றிக்கொண்டு நடுரோட்டுக்கு வந்தார். பின்னால் தண்ணீர் டேங்கர் வந்தது. அவ்வளவுதான் நடந்தது. கறிப்பை கிழியாமல் அப்படியே இருந்ததாம். போலீஸ்காரர் கொண்டுவந்து கொடுத்த அந்தப் பையை அம்மா ஃபிரிட்ஜில் வைத்தாள். இன்னும் அது அங்கேயேதான் இருக்கிறது. பாலை எடுக்கப் போகிறவர்கள்கூட அந்தப் பக்கம் பார்க்காமல் எடுத்தார்கள்.

“மம்மி,” என்று ஜோவிதா பக்கத்தில் போய் நின்றாள். “டேங்கர்காரன புடிச்சி உள்ள வச்சிட்டாங்க. லைசென்ஸே இல்லயாம் அவனுக்கு. கேஸ் நடக்கும் மம்மி. இப்ப டாடிய எடுக்கலாம்.”

“டேங்கர் ரோட்ல வந்துச்சி. ரோட்லதானே வரும். உங்க டாடி ஏன் ரோட்டுக்கு வந்தாரு?”



பிரிஸில்லாவின் தம்பி மைக்கேல்ராஜ் தொண்டையைச் செருமினார். எந்த மௌனத்தையும் தாங்காத மனிதர். “அக்கா, நான் அன்னிக்கே மாமாகிட்ட சொன்னேன். பச்சப் பெயின்ட்ட பாத்து லாரி நின்னுடுமா? அது சும்மா ஷோ. முப்பது வருஷம் பீன்யா பேக்டரிக்கு லாரி நடுவுல சைக்கிள் ஓட்டிட்டுப் போனாரு, ஒரு கீறல் இல்ல. இந்தப் பெயின்ட்ட நம்பித்தான்...”

“பெயின்ட்ட நம்பல அவரு,” என்றாள் பிரிஸில்லா.

மைக்கேல்ராஜ் நிறுத்திக்கொண்டார். அப்பா அவருக்குச் சொன்ன பதில் ஜோவிதாவுக்கு நினைவிருந்தது. பாதை போட்ட புதிதில், புது மணி வாங்கி மாட்டிக்கொண்டு, வேலையே இல்லாமல் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்து சொன்னார். “பெயின்ட் லாரிக்கு இல்லடா மச்சான். மனுஷனுக்கு. இது ஒருத்தனோட எடம்னு பாத்தா தெரியணும்ல, அதுக்கு.”

பெயின்ட் மட்டுமா இருந்தது அப்போது? பட்டையின் ஓரமாக இடுப்பளவு உயரத்துக்கு மஞ்சள் பிளாஸ்டிக் போஸ்ட்களும் நட்டிருந்தார்கள். கார் உள்ளே வரமுடியாது. மற்ற இடங்களில் அவை இன்றைக்கும் நிற்கின்றன. கோயில் முன்னால் மட்டும் இல்லை. கல்யாணக் கார் வாசலில் வந்து நிற்க முடியவில்லை, சவ வண்டி நிற்க முடியவில்லை, வயசானவர்கள் இறங்க முடியவில்லை என்று கோயிலின் பங்குக் கமிட்டியில் பேச்சு வந்தது. கன்னடம் நன்றாகப் பேசுகிற ஓர் ஆளை வார்டு இன்ஜினியரிடம் அனுப்பினார்கள். அடுத்த வாரமே போஸ்ட்களைப் பிடுங்கிப் போய்விட்டார்கள். ரோட்டில் போல்ட் தலைகள் மட்டும் மிச்சம்.

அந்த ஆள் இப்போது கதவோரமாக நின்றுகொண்டிருந்தான். ஜோவிதாவின் தம்பி கிளெமென்ட். பங்கின் இளைஞர் சங்கச் செயலாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரஞ்சு ஜாக்கெட் போட்டுக்கொண்டு ரோட்டில் நின்று, வருகிற கார்களையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சைப் பட்டைக்குள் கை காட்டி நிறுத்துகிறவனும் அவன்தான். அன்றைக்கு முதலில் ஓடிப்போய் அப்பாவைத் தூக்கியதும் அவன்தான். ஜாக்கெட்டில் படிந்ததை ஜோவிதா யாருக்கும் தெரியாமல் ஊறவைத்துத் துவைத்து, பின்பக்கத்துக் கொடியில் போட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவன் ஒரு வாய் சோறு சாப்பிடவில்லை. யாரோடும் ஒரு முழு வாக்கியம் பேசவில்லை.

அம்மாவுக்குத் தெரியக்கூடாது. இன்றைக்குத் தெரியவே கூடாது. புருஷனை அடக்கம் செய்கிற அன்றைக்கே பிள்ளையையும் வெறுத்துவிட்டால், அப்புறம் இந்த வீட்டில் என்ன மிஞ்சும்? ஜோவிதாவுக்கு அது ஒன்றுதான் பயம். கமிட்டிக்காரர்கள் யாராவது வாய் தவறிச் சொல்லிவிடுவார்களோ என்று நேற்றிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கோயிலிலிருந்து உபதேசியார் வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார். “ஃபாதர் ரெடியா இருக்காரு. நாலு மணிக்குப் பூச ஆரம்பிச்சாதான் ஆறு மணிக்குள்ள கல்லறைக்குப் போவ முடியும். அப்புறம் அங்க கேட்ட மூடிடுவாங்க.”

“மூடட்டும்,” என்றாள் பிரிஸில்லா.

மூடியைப் பிடித்திருந்தவர்களுக்குக் கை கடுத்தது. அதைக் கீழே வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் சுவரில் சாய்த்துவைத்தார்கள். யாரோ ஒரு பெண் செபமாலை சொல்ல ஆரம்பித்து, கூடச் சொல்ல ஆளில்லாமல் பாதியில் நிறுத்தினாள். தெருவில் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

“மம்மி, எங்க வண்டியும்தான் நின்னுச்சி,” என்றாள் ஜோவிதா. பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டால் பேச்சு அதோடு முடியும் என்று நினைத்தாள். “நாங்கதான் நிறுத்துனோம். போதுமா? திட்டணும்னா என்னத் திட்டு.”

அம்மா அவளைப் பார்க்கவே இல்லை. பார்வை அவள் தோளைத் தாண்டிக் கதவுப் பக்கம் போனது. 

“நான்தான் மம்மி.”

கிளெமென்ட் கதவை விட்டு முன்னால் வந்தான். “வண்டிங்கள நான்தான் கை காட்டி நிக்க வச்சேன். போஸ்ட்டையும் நான்தான் போய் எடுக்கச் சொன்னேன். இன்ஜினியர் வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான் ஞாயித்துக்கெழம சைக்கிள்ல யார் சார் வராங்கன்னு...” 

 கமிட்டித் தலைவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். ஜோவிதா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஓடிப்போய் அவனை அடித்துவிடுவாளோ என்று பயம். 

“தெரியும்,” என்றாள் பிரிஸில்லா. “போஸ்ட் எடுத்த அன்னிக்கே உங்க டாடி வந்து சொன்னாரு. நான் கேக்கறேன் அவனன்னு சொன்னேன். கோயிலுக்காகப் பண்றான், விடுன்னாரு.” கொஞ்ச நேரம் பெட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். “விட்டுட்டேன்.”

பிறகு விளிம்பிலிருந்து கைகளை எடுத்தாள்.

மூடியை எடுத்துவந்து இறக்கினார்கள். திருகுகளை முடுக்கினார்கள். கோயிலுக்குப் பெட்டியைத் தோளில் தூக்கிப் போவதுதான் வழக்கம். முன்பக்கத்து வலது மூலை மகனுடையது. கிளெமென்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த மூலைக்கு வந்து குனிந்தான்.

“நீ தூக்க வேணாம்,” என்றாள் அம்மா.

அவன் குனிந்தபடியே தலையை மட்டும் தூக்கிப் பார்த்தான்.

“அக்கா, என்ன பேச்சு இது? ஒரே பையன்,” என்றார் மைக்கேல்ராஜ்.

“நீ தூக்குடா அந்த மூலைய.” தம்பியிடம் சொல்லிவிட்டு மகன் பக்கம் திரும்பினாள். “அந்த ஜாக்கெட்ட போட்டுக்கினு ரோட்டுக்குப் போ. இன்னிக்கும் எல்லாரும் வண்டியிலதான் வருவாங்க. ஒரு வண்டி அங்க நிக்கக்கூடாது.”

ஜாக்கெட் எங்கே காய்கிறது என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. ஜோவிதாதான் போய் எடுத்துவந்தாள். தம்பிக்கு அதைப் போட்டுவிடும்போது அவன் சின்னப் பிள்ளை மாதிரிக் கையை நீட்டிக் காட்டினான். இது தண்டனையா, வேறு ஏதாவதா என்று அவளுக்கு விளங்கவில்லை. அம்மாவிடம் கேட்கிற தைரியமும் இல்லை. அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போனான்.

தெரு முனை திரும்பியதும் மெயின் ரோடு தெரிந்தது. எதிர்ப்பக்கம் கோயில். பெட்டிக்குப் பின்னால் அம்மாவின் தோளைப் பிடித்தபடி நடந்த ஜோவிதா முதலில் பார்த்தது பச்சைப் பட்டையைத்தான். அது காலியாக இருந்தது. போஸ்ட் பிடுங்கியதிலிருந்து, சாவுக்கோ கல்யாணத்துக்கோ அந்த வாசல் இப்படிக் காலியாகக் கிடந்து அவள் பார்த்ததில்லை.

கிளெமென்ட் அதன் நடுவில் நின்று ஒரு பெரிய வெள்ளைக் காரை மறித்துக்கொண்டிருந்தான். கண்ணாடி இறங்கியது. உள்ளே சொந்தக்காரர் ஒருவர், மடியில் மலர்வளையம்.

“டேய், உங்கப்பாவுக்குத்தான்டா வந்திருக்கோம். அஞ்சு நிமிஷம், ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.”

“ஏரிப் பக்கம் போட்டுட்டு நடந்து வாங்க அங்கிள்.”

“முட்டி வலிடா எனக்கு.”

“இறங்கிக்குங்க. வண்டிய அனுப்பிடுங்க.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். அடுத்து கல்லறைக்குப் போவதற்காகச் சவ வண்டி வந்தது. யாருக்காகப் போஸ்ட் பிடுங்கினார்களோ அந்தச் சவ வண்டி. டிரைவர் பழக்கத்தில் பட்டைக்குள் மூக்கை நுழைத்தான். கிளெமென்ட் இரண்டு கைகளையும் பானட்டின் மேல் வைத்துவிட்டான். பூசை முடிந்து பெட்டியைப் பக்கத்துச் சந்து வரைக்கும் சுமக்க வேண்டியிருக்குமே என்று டிரைவர் கன்னடத்தில் சொன்னான். சுமக்கிறோம் என்று இவனும் கன்னடத்தில் சொன்னான். வண்டி பின்வாங்கியது.

போக்குவரத்துக் காவலர் ரோட்டில் இறங்கிக் கையைத் தூக்கினார். பஸ்கள் நின்றன. ஆட்டோக்களும் ஸ்கூட்டர்களும் உறுமிக்கொண்டு நின்றன. அவற்றுக்கு நடுவில் தண்ணீர் டேங்கர் ஒன்றும் நின்றது. அது வேறு டேங்கர்தான், ஆனாலும் ஜோவிதா அம்மாவின் முகத்தைத் தன் பக்கம் மறைத்துக்கொண்டாள். பெட்டி ரோட்டைக் கடந்தது. கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது. பச்சைப் பட்டையின் ஓரத்துக்கு வந்துவிட்டார்கள். இன்னும் அதைத் தாண்டினால் வாசல்.

கிளெமென்ட் கையைத் தூக்கிப் பெட்டியை நிறுத்தினான்.

பட்டையில் ஒரு சைக்கிள் வந்துகொண்டிருந்தது. நீலச் சட்டை போட்ட செக்யூரிட்டிக்காரர், நடு வயது. ஹேண்டில்பாரில் சாப்பாட்டுப் பை தொங்கியது. ராத்திரி ஷிப்ட்டுக்குப் போகிறவராக இருக்க வேண்டும். பெட்டியைப் பார்த்ததும் பதறிக் காலை ஊன்றி நின்றார்.

“நீங்க போங்க,” என்றான் கிளெமென்ட்.

அவர் தயங்கினார். பெட்டியைப் பார்த்தார், அழுத முகங்களைப் பார்த்தார்.

“போங்க சார். உங்க ரோடு.”

மைக்கேல்ராஜ் தோளை மாற்றிக்கொண்டார்.  சைக்கிள்காரர் மெதுவாகப் பெடலை மிதித்து, பெட்டிக்கு முன்னால், பழைய போல்ட் தலைகளின் ஓரமாகக் கடந்து போனார். பஸ்களும் டேங்கரும் நின்றுகொண்டிருந்தன. கிளெமென்ட் கையை இறக்கவில்லை.

பிரிஸில்லா அந்தச் சைக்கிள் சிக்னலைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “வாங்க,” என்று பெட்டியைச் சுமந்தவர்களிடம் சொன்னாள்.