வளர்த்த துரு

ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்குள் கால் வைத்த ரெஜிலாவின் மூக்குக்கு நேரே கணவன் ஷாஜன் ஒரு சின்னத் தகட்டை நீட்டினான். தலைவலி என்று சொல்லி ஆலயத்துக்கு வராமல் வீட்டிலேயே நின்றுகொண்டவன் அவன். தகடு பளபளத்தது.

"மேசையில டப்பாக்குள்ள துருப் புடிச்சுக் கெடந்துது. புளியும் உப்பும் போட்டு பிரஷால ஒரே தேய். எப்பிடி இருக்கு, பாத்தியா?"

குவைத்தில் அவனுக்கு வேலையே அதுதான். எண்ணெய்த் தொட்டிகளில் துரு சுரண்டிப் பெயின்ட் அடிப்பது. விடுமுறையில் வந்தாலும் கை சும்மா இருக்காது. கேட், கிணற்றுக் கம்பி, அரிவாள்மனை எதுவும் தப்பவில்லை.

ரெஜிலா தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். "என்ன பண்ணினிய நீங்க! அது நான் வளத்த துருவாக்கும்."

"துரு வளக்கியதுக்கா காலேஜுக்குப் போற?"

அழவேண்டிய நேரத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் கேட்டதும் தப்பில்லை. நாகர்கோவில் கல்லூரியில் அவள் செய்யும் ஆராய்ச்சி கிட்டத்தட்ட அதுதான். நிக்கல் தகட்டின் மேல் கோபால்ட் ஆக்சைடு, கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாக முளைக்க வேண்டும். ஊசிகள் நெருங்க நெருங்க மின்சாரம் அதிகமாகத் தங்கும். நொடியில் சார்ஜ் ஏறும் சூப்பர் கெப்பாசிட்டருக்கு அதுதான் உயிர். எத்தனையோ தகடுகள் சொதப்பி, இது ஒன்றுதான் உருப்படியாக வந்திருந்தது. மறுநாள் திருவனந்தபுரத்தில் சோதனை.

தகடு போனதைவிட வேறொன்றுதான் அவளை அரித்தது. ஒருமுறை வந்தது மறுமுறை வருமா? வராவிட்டால் அத்தனையும் குருட்டு அதிர்ஷ்டம் என்றாகிவிடும். அந்தப் பயத்தில்தான் இன்னொன்று செய்து பார்க்காமலே தள்ளிப்போட்டிருந்தாள். இனித் தள்ளிப்போட வழியில்லை. சோதனையை வெள்ளிக்கிழமைக்கு மாற்றினாள்.

ஷாஜனும் கூடவே ஆய்வகத்துக்கு வந்தான். கரைசலில் புதுத் தகட்டை முக்கி, எஃகுக் குடுவையை இறுக மூடி, சூட்டில் வைத்தார்கள். மறுநாள் திறந்தால் தகடு ரோஸ் நிறம்.

"போச்சா?" அவன் முகம் சுருங்கிவிட்டது.

"பேசாம இருங்க. இனிதான் உலையில சுடணும். அப்பதான் கறுக்கும்."

உலையைத் திறந்ததும் அவளுக்கு முன்பாக அவன்தான் கத்தினான். "ஏட்டி, கறுத்துட்டு!"

ஊசிகள் முளைத்தனவா என்பது திருவனந்தபுரத்தில்தான் தெரியும். ஆனால் கறுப்பு ஓரம்வரை சீராகப் படர்ந்திருந்தது. ஆறியதும் ரெஜிலா அதை அலுங்காமல் டப்பாவுக்குள் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை ரயிலில் ஷாஜன் டப்பாவை அவளிடம் கொடுக்கவே இல்லை. எதிரே இருந்த அம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன மக்கா அதுல, இப்பிடிப் பொத்திப் புடிச்சிருக்க?"

"துருவாக்கும்" என்றான் ஷாஜன், பெருமையாக.

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. அவன் இன்னொரு கையையும் டப்பாவின் மேல் வைத்துக்கொண்டான்.