பதாகையில் இல்லாத சொல்

பதாகையின் வாசகம் மூன்றாம் முறையாக மாற்றப்பட்டபோது, பூந்தமல்லி அச்சுக்கடை உஸ்மான் கனி கணினித் திரையை விட்டுத் திரும்பித் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"சுபேதார் சார், மொதல்ல 'முன்னாள் படைவீரர் தற்கொலைத் தடுப்புக் கூட்டம்'னீங்க. அப்புறம் 'மனநலம்'னீங்க. இப்ப இன்னா, மாரடைப்பா?"

"இன்னா பண்றது பாய்? மண்டபத்துல நாளிக்கு முகூர்த்தம் கீது. வாசல்ல அந்த வார்த்தையக் கட்டுனா பொண்ணு ஊட்டுக்காரன் சண்டைக்கு வருவான்னு மேனேஜர் கத்துறாரு" என்றார் படைவீரர் சங்கச் செயலாளர் ஏகாம்பரம்.

உடன் வந்திருந்த அனுசுயாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கூட்டம் இன்னிக்குச் சாயந்தரம். முடிஞ்சதும் அவுத்துடப் போறோம். அதுக்குள்ள பொண்ணுக்கு இன்னா ஆயிடும்ண்ணே?"

"கோச்சிக்காதம்மா. மாரடைப்புன்னா ஜனம் வரும். சக்கரை டெஸ்ட்டும் ஓசியில வச்சிகீறோம்."

"சுண்டல் ஒண்ணுதான் பாக்கி."

"அதுவும் சொல்லியாச்சிம்மா!"

அனுசுயாவின் கணவர் அருள், ஓய்வுபெற்ற அவில்தார். ஈராண்டுகளுக்கு முன்னர்த் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவர்கள் வாழும் மேனாம்பேட்டுச் சுவர்களில் ஒட்டப்பட்ட கண்ணீர் அஞ்சலியில் 'திடீர் நெஞ்சுவலியால்' என்று அச்சிடச் செய்தவரும் இதே ஏகாம்பரந்தான். படைவீரன் ஒருவன் அவ்வாறு இறந்தான் என்பது படைக்கே இழுக்காம்.

இப்போது அவளை வாட்டியது நாகப்பனைப் பற்றிய அச்சம். அருளோடு ஒரே படைப்பிரிவில் பணியாற்றியவர். மனைவியை இழந்து தனியே வாழ்பவர். சென்ற வாரம் தம் கறுப்பு இரும்புப் பெட்டியையும் கம்பளியையும் அண்டை வீட்டாருக்குக் கொடுத்துவிட்டார். அருளும் கடைசி நாள்களில் இப்படித்தான் தம் உடைமைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தார். அது ஏன் என்று அப்போது அவளுக்கு விளங்கவில்லை. மருத்துவரிடம் செல்லுமாறு சொன்னால் நாகப்பன் சிரித்து மழுப்புவார். படைவீரர் நிறைந்த அவையில் தற்கொலை என்ற சொல் வெளிப்படையாகப் பேசப்பட்டால் அவரும் வாய்திறப்பார் என்று நம்பியே இக்கூட்டத்துக்காக அவள் அலையாய் அலைந்தாள்.

மாலையில் அம்பத்தூர் மண்டப வாசலில் பதாகை ஏறியது. ஏகாம்பரத்தின் படம் ஆளுயரத்துக்கு நின்றது. மனநல உதவி எண் அவருடைய காலணிக்குக் கீழே எறும்பு வரிசைபோல் கிடந்தது.

"நம்பரே தெரியலியேண்ணே!"

"போட்டோ நல்லா வந்துகீது இல்ல?" என்று கேட்டுவிட்டு அவர் மேடைக்கு விரைந்தார்.

நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்த நாகப்பன் பதாகையை நிமிர்ந்து பார்த்தபடியே நின்றுவிட்டார்.

"இன்னாண்ணே பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல தங்கச்சி." அவர் புன்னகை செய்தார். "அருளுக்குப் போட்டா மாதிரி எனக்கும் நெஞ்சுவலின்னே போட்டுருவானுங்க, இல்ல?"

உள்ளே ஒலிபெருக்கியில் ஏகாம்பரம், எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைக்குமாறு முழங்கிக்கொண்டிருந்தார். அனுசுயாவால் இனியும் பொறுக்க முடியவில்லை.

"அண்ணே, தற்கொலை பண்ணிக்கலாம்னு தோணுதா?"

சுண்டற் பொட்டலத்தோடு சென்ற இருவர் திரும்பிப் பார்த்தனர். மேலாளர் ஓடி வந்தார்.

"அம்மா, முகூர்த்தம் நடக்கிற எடம்மா!"

"நீ போய்யா அந்தாண்ட!"

நாகப்பன் நாற்காலியைக் கீழே வைத்து, அதிலேயே அமர்ந்தார்.

"ஆமா" என்றார். "ரொம்ப நாளா. யாரும் கேக்கல தங்கச்சி."

அனுசுயா இன்னொரு நாற்காலியை அவரருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். கைப்பேசியில் அந்த உதவி எண்ணை, 14416 என்று அழுத்தினாள்.

"இவங்ககிட்ட பேசுங்க. நான் எங்கியும் போமாட்டேன். ராத்திரிக்கு நம்ம ஊட்டுக்கு வந்துருங்க."

"உள்ள கூட்டம் நடக்குதே தங்கச்சி?"

"நடக்கட்டும். அங்க யாரு நம்மளத் தேடுறாங்க? பேசி முடிச்சதும் அந்தப் பொட்டியத் திருப்பி வாங்குறோம்."

"குடுத்தத எப்படிக் கேக்குறது?"

"நான் கேக்குறேன். எனக்கு ஒண்ணும் வெக்கமில்ல."

மறுமுனையில் ஒரு குரல் வணக்கம் சொல்லிற்று. நாகப்பன் கையை நீட்டிக் கைப்பேசியை வாங்கிக்கொண்டார்.