ரயிலைவிட எத்தனை நிமிடம் முன்னால்

பிராத்திஸ்லாவாவிலிருந்து வியன்னாவுக்குப் பேருந்து ஓட்டும் ஸ்லாவ்காவுக்கு ஒரு பழக்கம். வியன்னா ரயில் நிலையத்துக்கு வெளியே வண்டியை நிறுத்தியதும் ஒலிபெருக்கியை எடுத்து, ரயிலைவிட இன்றைக்கு எத்தனை நிமிடம் முன்னால் வந்தோம் என்று அறிவித்துவிட்டுத்தான் கதவைத் திறப்பாள். தன் வண்டி கால் மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடுகிறது என்பதைப் பற்றி மூச்சுவிட மாட்டாள். ரயில் முந்திக்கொண்ட நாட்களில் மட்டும் ஒலிபெருக்கி பழுதாகிவிடும். இருபத்திரண்டு வருடமாக இந்தக் கூத்து நடக்கிறது.

அவள் தம்பி ஸ்திபோருக்கு, இதே இரண்டு ஊர்களுக்கு நடுவே தன்யூப் ஆற்றில் ஓடும் வேகப்படகில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மேசைக்கு ஆட்டுப்பால் சீஸ் போட்ட மாவு உருண்டை வந்தால் கூடவே சண்டையும் வரும். படகில் எழுபத்தைந்தே நிமிடம் என்று சத்தியம் செய்வான். அது நீரோட்டத்தோடு ஊர் திரும்பும்போது. எதிர்த்துப் போனால் தொண்ணூறு ஆகும் என்பதை அந்த மகானுபாவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ரயில் வேலைவெட்டி இல்லாதவர்களுக்கு என்பதில் மட்டும் அக்காவும் தம்பியும் ஒரே கட்சி.

அந்த வீட்டில் பிறந்துவிட்டு, ஸ்லாவ்காவின் ஒரே மகள் ராத்கா ரயில் ஓட்டப் படித்தாள். அம்மாக்காரி இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று ராத்கா தனியாக ஓட்டப்போகும் முதல் வியன்னா ரயில், ஒன்பதேகாலுக்கு. முந்தின நாள் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நான் வண்டிய உள்ள கொண்டு வர்றப்ப நீ பிளாட்பாரத்துல நிக்கணும்மா."

"பஸ்ஸு எப்பவும் முன்னாடிதான்டி. உனக்கு முன்னால நின்னுட்டிருப்பேன்."

காலையில் ஆற்றில் வெள்ளம். படகுகளைக் கட்டிப்போட்டுவிட்டார்கள். மருமகளைப் பார்த்தே தீருவேன் என்று ஸ்திபோர் அக்காவின் பேருந்தில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தான். ஒன்பது மணிக்கு, சொன்ன நேரத்துக்கு, வண்டி கிளம்பியது.

எல்லையில் ஆஸ்திரியப் போலீஸ் கைகாட்டி நிறுத்தியது. எல்லாரும் அடையாள அட்டையை நீட்டினார்கள். ஸ்திபோர் சட்டையைத் தடவினான், கால்சட்டையைத் தடவினான். அட்டை படகில் தொங்கும் கோட்டுப் பையில் இருந்தது.

"வியன்னாவுக்குப் போறதுக்கெல்லாம் அட்டையா? பக்கத்துத் தெருவுக்குப் போற மாதிரிதான போறோம்" என்றான். போலீஸ்காரர் சிரிக்கவில்லை. அவனைக் கீழே இறக்கி, எங்கெங்கோ போன் போட்டு விசாரிக்க ஆரம்பித்தார். மற்றவர்கள் போகலாம் என்றும் சொல்லிவிட்டார்.

ஸ்லாவ்கா கடிகாரத்தைப் பார்த்தாள். தம்பியை அங்கேயே விட்டுவிட்டுப் போனால் மகளிடம் சொன்ன சொல் நிற்கும். ஆனால் ஏற்றிய ஆளை வழியில் விட்டுவிட்டு அவள் ஒருநாளும் போனதில்லை. அது இந்த மடையனாகவே இருந்தாலும் சரி. எஞ்சினை அணைத்தாள். இருபத்து மூன்று நிமிடம்.

விசாரித்து முடித்து விட்டதும் அவனை ஏற்றிக்கொண்டு கிளம்பி, காற்றாலைகள் நிற்கும் வயல்வெளிக்கு வந்தபோது, தூரத்துத் தண்டவாளத்தில் ரயில் அவளைத் தாண்டிப் போனது. கோடு போட்ட மாதிரி ஒரே சீராக, ஒரு பிசிறில்லாமல் போனது. ஸ்திபோர் வாயைத் திறந்தான்.

"பேசாத" என்றாள் ஸ்லாவ்கா. கண் கலங்கிவிட்டது அவளுக்கு. சொன்ன சொல் போய்விட்டதே என்ற துக்கம் ஒரு பக்கம். அந்தப் போக்கைப் பார்த்துவிட்டு உடம்பெல்லாம் பூரித்தது இன்னொரு பக்கம். இருந்தாலும் வேகத்தைக் கூட்டவில்லை.

வியன்னாவில் வண்டியை நிறுத்தும் இடத்தில் ஆரஞ்சுச் சட்டையில் ஒருத்தி நின்றிருந்தாள். பிளாட்பாரத்தில் அம்மாவைக் காணாமல், ராத்காதான் படியிறங்கி ஓடி வந்திருந்தாள். கோபமா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. கைக்கடிகாரத்தை மட்டும் தட்டிக் காட்டினாள்.

ஸ்லாவ்கா கதவைத் திறக்கவில்லை. ஒலிபெருக்கியை எடுத்தாள். இன்றைக்கு அது பழுதாகவில்லை.

"இன்னைக்கு ரயிலு நம்மள விட எட்டு நிமிஷம் முன்னாடி வந்துருச்சு" என்றாள். "ஓட்டுனது எம் பொண்ணு. அந்தா நிக்கிறா, நல்லாப் பாத்துட்டு எறங்குங்க."