பெட்டிப் பலகை

ரப்பர் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்கவேண்டும் என்று சர்க்கார் சட்டம் போட்டது. சட்டத்துக்குப் பயந்து துரை ஓர் அத்தாப்பு ஓலைக் கொட்டகை போட்டுக் கொடுத்தார். வாசலில் ஒரு கம்பத்தை நட்டு, மணிக்குப் பதிலாக ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டார். ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி அம்பிகைபாகனைக் கூப்பிட்டு, மத்தியானத்தில் நீயே வாத்தியார் என்றார். அதோடு கையைத் துடைத்துக்கொண்டார். சிலேட்டு யார் தருவது என்று கேட்டதற்கு, அது பெற்றவர்கள் பாடு என்று சொல்லிவிட்டார். துரை சொன்னதைக் கிராணி சொன்னார். கூலிகள் குடியிருக்கும் லயத்துச் சனமோ, மணியடித்துக் கூப்பிட்டவனே சிலேட்டும் தரட்டும், நாங்களா பள்ளிக்கூடம் கேட்டோம் என்றது. இப்படி ஆளுக்கு ஆள் கையைக் காட்டியதில் லாபம் பார்த்தவன் கூலிகளை மேய்க்கும் மண்டோர் உடையப்பன் ஒருவன்தான்.

அவன் கோலசிலாங்கூர் கடைத்தெருவிலிருந்து சிலேட்டுகளை மொத்தமாக வாங்கிவந்து தன் கடையில் அடுக்கிவைத்தான். யாருக்கு விற்பது, யாரை விரட்டுவது என்பது அவன் இஷ்டம். சிலேட்டு இல்லாத பிள்ளைக்குக் கொட்டகையில் இடமில்லை. இடமில்லாத பிள்ளை புல்வெட்டுக் கூட்டத்துக்குப் போகவேண்டும். அந்தக் கூட்டத்துக்கு மண்டோர் யார்? அவனேதான். வேலைக்கு வருகிற ஒவ்வொரு தலைக்கும் கம்பெனி அவனுக்குத் தலைக்காசு கொடுத்தது. பிள்ளைகளின் தலையும் அந்தக் கணக்கில் சேரும். சிலேட்டை விற்றாலும் அவனுக்கு லாபம், விற்காவிட்டால் அதைவிட லாபம். நாசமாய்ப் போகிறவன்!

சின்னத்தாய் அவன் கடைக்குப் போய் நின்றாள். அவள் பால்மரம் வெட்டுகிறவள், பட்டையைச் சீவி ரப்பர்ப் பால் எடுப்பவள். புருஷன் சன்னாசிக்கு ரப்பரைப் புகைபோடும் புகைவீட்டில் வேலை.

"சிலேட்டு ஒண்ணு குடுங்க மண்டோரய்யா. சம்பளத்துல புடிச்சுக்குங்க."

"ஒனக்கு சிலேட்டு இல்ல. ஒம் மவளுக்கு சங்குல் வேணும்னா சொல்லு, இப்பவே எடுத்துத் தாரேன்," என்று உடையப்பன் சிரித்தான். சங்குல் என்பது புல்வெட்டுக்காரர்கள் தோளில் சுமக்கும் மண்வெட்டி.

சின்னத்தாய் வெறுங்கையோடு திரும்பினாள். அவளுடைய மூத்த மகள் பேச்சி அந்தப் புல்வெட்டுக் கூட்டத்தில்தான் செத்தாள். காய்ச்சலில் நிற்கமாட்டாமல் உட்கார்ந்தவளை, எழுந்திருடி என்று உடையப்பன் இடுப்பில் மிதித்தான். அவள் தண்ணீர் வடியும் பெரிய கானில் விழுந்தாள். தூக்கிவந்தபோது வாயிலிருந்து ரத்தம் வழிந்தது. பொழுது விடிவதற்குள் போய்விட்டாள். காய்ச்சலில் செத்ததாகக் கிராணி எழுதினார், துரை கையெழுத்துப் போட்டார், எல்லாம் முடிந்தது. இளையவள் புஷ்பவள்ளியை அந்தக் கூட்டத்தின் பக்கம் அனுப்புவதில்லை என்று சின்னத்தாய் பேச்சியைப் புதைத்த மண்ணில் அடித்துச் சத்தியம் செய்திருந்தாள். வள்ளிக்குப் பள்ளிக்கூடத்தில் ஓர் இடம் வேண்டும். அதற்கு ஒரு சிலேட்டு வேண்டும்.

"சிலேட்டுன்னா என்னா, கறுப்பா ஒரு பலகை. அவ்வளவுதான?" என்றான் சன்னாசி.

ரப்பரை அடைத்துக் கப்பலேற்றும் பெட்டிகளில் உடைந்ததை எல்லாம் புகைவீட்டு அடுப்பில்தான் போடுவார்கள். எரிக்கப் போன ஒரு பலகையை அவன் எடுத்துவந்தான். ஒரு பக்கம் செதிலும் முள்ளுமாக இருந்தது. மறுபக்கம் வழவழப்பாக இழைத்திருந்தது. அந்த வழவழப்பில் மையால் ஒரு முக்கோணமும் அதற்குள் இரண்டு எழுத்தும் இருந்தன. புருஷனுக்கும் பெண்சாதிக்கும் எழுத்து என்றால் இருட்டு. தச்சன் போட்ட அடையாளம் என்று நினைத்துக்கொண்டார்கள். அடுப்புக்கரியையும் கோவையிலையையும் அரைத்து அதன்மேல் அழுந்தப் பூசி வெயிலில் காயவைத்தார்கள். பலகை நல்ல கறுப்பாக வந்தது. கிராணி போடும் சாக்குக்கட்டித் துண்டால் வள்ளி அதில் 'அ' எழுதிக் கொண்டுவந்து காட்டினாள். சின்னத்தாய் அதைத் தொட்டுப் பார்க்கப் பயந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

பிள்ளை எச்சில் தொட்டு அழிக்கும், முழங்கையால் துடைக்கும். கரி எத்தனை நாள் தாங்கும்? நாளாக ஆகக் கறுப்பு வெளுத்தது. 'அ'வுக்குப் பின்னாலிருந்து முக்கோணம் மெல்ல எட்டிப்பார்த்தது. ஒரு மத்தியானம் கிராணி அதைப் பார்த்துவிட்டார்.

"இது ஆரின்ரை பலகை, பிள்ளை? இஞ்சை கொண்டா பாப்பம்."

அது கம்பெனி முத்திரை. ஏற்றுமதிப் பெட்டியில் அடிக்கிற முத்திரை. கூலிக்காரர்களை விசாரிக்கிற வெள்ளைக்கார அதிகாரி எந்த நேரமும் வரலாம் என்று ஆபீசில் பேச்சு இருந்தது. கம்பெனிப் பலகையில் ஒரு பிள்ளை எழுதுவதை அவர் பார்த்தால், ஏன் சிலேட்டு இல்லை என்று கேட்பார். கிராணி நினைத்திருந்தால் பலகையை வாங்கி ஒளித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அவருக்குக் கெட்ட மனசு என்று சொல்லமுடியாது, பயந்த மனசு. பயந்த மனசு நேரே உடையப்பனிடம் போய்ச் சொன்னது.

மறுநாள் விடிகாலை, ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டுக் களத்தில் எல்லாரும் நின்றார்கள். பள்ளிக்கூடக் கொட்டகை அந்தக் களத்தின் ஓரத்தில்தான் இருந்தது. உடையப்பனின் ஆட்கள் இருவர் சன்னாசியை இழுத்துவந்து, தண்டவாளம் தொங்கும் கம்பத்தில் கையைக் கட்டினார்கள்.

"திருட்டு நாயே! கம்பெனி பலகை ஒன் அப்பன் வீட்டுதாடா?"

"எரிக்கப் போட்டதுங்க சாமி. அடுப்புக்குப் போன பலகைங்க."

"அடுப்பும் கம்பெனி அடுப்புதாண்டா!"

பிரம்பு இறங்கியது. முதலில் வரிவரியாகத் தடித்தது. பிறகு தடித்த இடம் வெடித்தது. சன்னாசி அலறும்போதெல்லாம் மேலே தொங்கிய தண்டவாளம் ஆடி டங் டங் என்று அடித்துக்கொண்டது. பள்ளிக்கூட மணி அடிப்பதாக நினைத்து லயத்துக் குழந்தைகள் சில ஓடிவந்து, பார்த்துவிட்டு, அப்படியே நின்றன. அவன் கால் மடங்கித் தொங்கிய பிறகும் உடையப்பன் விடவில்லை. பிரம்பின் முனையால் வாயில் குத்தினான். பல் ஒன்று உதட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

"போதும் மண்டோர், செத்துக் கித்துப் போவான்," என்றார் கிராணி. அதை உரக்கச் சொல்லவும் அவருக்குத் தெம்பில்லை.

"எழுதின கைக்கு இன்னும் குடுக்கலையே," என்றான் உடையப்பன்.

அவன் வள்ளியைத் தலைமயிரைப் பிடித்து இழுத்துவந்தான். மரக்கட்டை ஒன்றின்மேல் அந்தப் பலகையை வைத்து, பலகையின்மேல் அவள் வலதுகையை விரித்து வைத்தான். பக்கத்தில் நின்றவனிடமிருந்து சங்குலைப் பிடுங்கினான்.

"இந்தக் கை எழுத வேணாம். புல்லு புடுங்குறதுக்கு ரெண்டு வெரலு மிஞ்சினா போதும்."

இரும்பின் பின்பக்கத்தைத் திருப்பி ஓங்கினான். வள்ளி ஆத்தாவைத் தேடித் திரும்பிப் பார்த்தாள்.

சின்னத்தாய் வாளியைக் கீழே போட்டாள். பால்வெட்டுக் கத்தி கையிலேயே இருந்தது. மரம் வெட்டுகிறவளுக்கு அந்தக் கத்தி இன்னொரு விரல். பட்டையை மட்டும் சீவவேண்டும், உள்ளே கட்டையில் படக்கூடாது. பட்டால் மரத்துக்குக் காயம், வெட்டியவளுக்கு அடி. அந்தப் பயத்திலேயே பழகிய கை அது. அன்று பயம் கழன்றுவிட்டது. ஓங்கிய மணிக்கட்டில் கத்தியின் வளைவைக் கொக்கிபோல் மாட்டி, மரத்தில் இழுப்பதுபோலச் சாய்வாக, முழங்கைவரை இழுத்தாள்.

சங்குல் விழுந்தது. ரத்தம் பலகைமேல் பீறிட்டு முக்கோணத்தை மூடியது. உடையப்பன் மாடு மாதிரி கதறிக்கொண்டே இடதுகையால் அவள் முகத்தில் குத்தினான். அவள் மூக்குத்தண்டு நொறுங்கியது. குத்திய வேகத்தில் அவனும் தடுமாறிச் சாய்ந்தான். அவள் அவன்மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"இது பேச்சிக்குடா!"

கன்னத்தில் காதோடு சேர்த்து இழுத்தாள். அவன் ஆட்கள் முன்னால் வந்தார்கள். பால் வெட்டப் போகும் பெண்கள் வாளிகளைத் தலைக்குமேல் தூக்கினார்கள். ஒருத்தி அடித்தேவிட்டாள். ஒருவன் மண்டை உடைந்து உட்கார்ந்தான், மற்றவன் ஓடினான். கிராணி கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தார். சின்னத்தாய் மூன்றாவது தடவை கத்தியை ஓங்கியபோது, "ஆத்தா, போதும் ஆத்தா," என்று வள்ளி அவள் கையைப் பிடித்துத் தொங்கினாள். எழுதுகிற கை முழுசாக இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் சின்னத்தாய் கத்தியை விட்டாள்.

உடையப்பனைப் படகில் போட்டுக் கோலசிலாங்கூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் தங்கியது, கை தங்கவில்லை. சின்னத்தாயை உரமூட்டை அறையில் பூட்டினார்கள். போலீஸ் வருவதற்குள் கிராணி மளமளவென்று காரியம் பார்த்தார். ரத்தம் காய்ந்த பலகையைத் தாமே தூக்கிப் போய்ப் புகைவீட்டு அடுப்பில் எறிந்தார். உடையப்பன் கடையைத் திறந்து, இருந்த சிலேட்டையெல்லாம் அள்ளிவந்து பிள்ளைகளுக்குப் பங்கிட்டார். கம்பெனி அத்தனை நாளாகத் தராத சிலேட்டு ஒரே காலையில் வந்து சேர்ந்தது. அப்புறம் சின்னத்தாயின் கதவருகே வந்து நின்றார்.

"கேள். சிலேட்டு முதலிலேயிருந்து கம்பெனி குடுத்தது எண்டுதான் துரை சொல்லப்போறார். உன்ரை பிள்ளையும் அப்பிடிச் சொன்னால் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில இடம் நிரந்தரம். மாறிச் சொன்னால் உங்கள் குடும்பத்தைத் தோட்டத்தை விட்டுக் கலைச்சுப்போடுவார். நான் என்ன செய்யிறது?"

கம்பெனி முதலிலேயே கொடுத்ததென்றால் பலகை எதற்கு? பலகைக்கு ஒரு காரணமும் இல்லையென்றால் அவள் வெறும் திருடன் பெண்சாதி, காரணமில்லாமல் ஆளை வெட்டிய பைத்தியக்காரி. சின்னத்தாய்க்கு அது விளங்காமலில்லை. உடைந்த மூக்கால் மூச்சு விடமுடியாமல் வாயால் விட்டுக்கொண்டு சொன்னாள்: "வள்ளிய அனுப்புங்க. நான் சொல்லி வைக்கிறேன்."

வள்ளி வந்தாள். கதவுச் சந்தில் முகத்தை வைத்துக் கேட்டாள். கம்பெனி குடுத்ததுன்னு சொல்லு என்று சின்னத்தாய் சொன்னாள். பேச்சி மேல் சத்தியமாகச் சொல்லவேண்டும் என்றாள். பிள்ளை திரும்பி ஓடிப்போனது.

வெள்ளைக்கார அதிகாரி போலீசோடு வந்தார். ஊருக்குப் புதிது, தமிழ் தெரியாது. தோட்டத்து ஆஸ்பத்திரிக் கொட்டகையில் குப்புறக் கிடந்த சன்னாசியின் முதுகைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். கிழிந்த வாயால் சன்னாசி, "சிலேட்டு, சிலேட்டு," என்றே திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் சொன்னதில் அதிகாரிக்குப் புரிந்தது அந்தச் சொல் ஒன்றுதான். பள்ளிக்கூடத்தைப் பார்க்கவேண்டும் என்றார்.

கைவிலங்கோடு சின்னத்தாயைக் கொட்டகை வாசலில் உட்காரவைத்திருந்தார்கள். உள்ளே பிள்ளைகள் மடியில் புதுச் சிலேட்டோடு வரிசையாக இருந்தன. அதிகாரி இங்கிலீஷில் கேட்டார். கிராணி தமிழில் கேட்டார்.

"புஷ்பவள்ளி, இந்தச் சிலேட்டு ஆர் தந்தது? பயப்பிடாமல் இந்தத் துரைக்குச் சொல்லு."

வள்ளி எழுந்து நின்றாள். வாசலைப் பார்த்தாள். சொல்லுடி, சொல்லு என்று சின்னத்தாய் கண்ணாலேயே கெஞ்சினாள்.

"எங்காத்தா," என்றாள் வள்ளி. குரல் கொட்டகை முழுக்கக் கேட்டது.

சின்னத்தாய்க்கு உயிர் போய் வந்தது. எல்லாம் போச்சு, இடம் போச்சு, நாளைக்கு இவள் எந்தத் தோட்டத்துப் புல்வெட்டுக் கூட்டத்திலோ நிற்கப்போகிறாள் என்று விலங்குக் கையால் தலையில் அடித்துக்கொண்டாள். அந்தப் பிள்ளைமேல் அவளுக்குக் கோபம் வந்தது. அந்தப் பிள்ளையை வாரி அணைத்துக்கொள்ளவும் வெறி வந்தது.

கிராணி வள்ளியைப் பார்த்தார், வாசலில் இருப்பவளைப் பார்த்தார். பிறகு அதிகாரிப் பக்கம் திரும்பி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். சின்னத்தாய்க்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அதில் 'கம்பெனி' என்ற சொல் வந்தது. அந்தச் சொல் லயத்து நாய்க்கும் தெரியும். அதிகாரி தலையாட்டினார். வள்ளியின் தலையைத் தட்டிக்கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

இடம் தப்பியது. பேச்சியின் சாவைக் காய்ச்சல் என்று எழுதிய அதே ஆள் சொன்ன பொய்யில் தப்பியது. அந்த ஆளைக் கையெடுத்துக் கும்பிடவேண்டும்போல் அவளுக்கு இருந்தது. அடிபட்டதைத் தாங்கினாள், விலங்கைத் தாங்கினாள், இதைத்தான் தாங்கமுடியவில்லை. அதுவரை அழாதவள் வாய்விட்டு அழுதாள்.

போலீஸ்காரன் அவளை எழுப்பி ஆற்றங்கரைப் படகுக்கு நடத்திப் போனான். பின்னால் கிராணி பாடம் ஆரம்பித்தார். அ, ஆ, இ என்று பிள்ளைகள் கூட்டமாகக் கத்தின. படகில் ஏறும்வரை சின்னத்தாய் அந்தச் சத்தத்துக்குள் வள்ளியின் குரலை மட்டும் தேடிப் பிடித்துக் கேட்டுக்கொண்டே போனாள்.